டிராவல் டிரெய்லரின் தண்ணீர் பைப்புகளைக் குளிரிலிருந்து காப்பது எப்படி? வாட்டர் ஹீட்டர் பராமரிப்பும் சேர்த்து

டிராவல் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி, வாங்கி முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையேட்டில் 'தண்ணீரை வடித்துவிட்டு ஆன்டிஃபிரீஸ் ஏற்றவும்' என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். (ஆன்டிஃபிரீஸ் என்றால் பைப்பில் தண்ணீருக்குப் பதிலாக ஏற்றும், எளிதில் உறையாத திரவம்.) எந்த வால்வு எங்கே இருக்கிறது, எதை முதலில் திறப்பது, ஹீட்டரை என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்துத்தான் எனக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். விரிய இடம் இருந்தால் ஒன்றும் ஆகாது. இடம் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் மூட்டோ, பம்பின் தலையோ, குழாயின் உட்பாகமோ விரிசல் விடும். அதனால் பெரிய தொட்டியின் அடியில் தேங்கிய ஒரு லிட்டர் தண்ணீரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். வால்வுக்குள், வளைவுக்குள், ஷவர் கைப்பிடிக்குள் சிக்கிக்கொண்ட இரண்டு ஸ்பூன் தண்ணீர்தான் செலவு வைக்கும். இந்த வேலை முழுக்கவே அப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பிடிக்கிற வேலை.

இன்னொன்று: ஹீட்டரை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். எப்படியும் தண்ணீரை வடிக்கத் திறக்கப் போகிறீர்கள். அன்றைக்கே அதன் பராமரிப்பையும் முடித்துவிடுங்கள்.

1. எப்போது செய்வது?

இரவு வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கப் போகிறது என்று முன்னறிவிப்பு வந்தால், அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. விடியற்காலையில் கொஞ்ச நேரம் 0-வைத் தொட்டுவிட்டு ஏறிவிடும் குளிரில் வண்டிக்குள் ஓடும் பைப்புகள் உடனே உறைந்துவிடாது. பல மணி நேரம் தொடர்ந்து நிற்கும் குளிர்தான் ஆபத்து. ஆனால் வெளிச்சுவரில் இருக்கும் ஷவர், வண்டிக்கு அடியில் தொங்கும் வடிகால் பைப் இரண்டும் முந்திக்கொண்டு உறையும். வண்டி பள்ளமான இடத்தில் நின்றால் முன்னறிவிப்பில் சொன்னதைவிட இன்னும் இரண்டு மூன்று டிகிரி கீழே போகலாம். எனவே விளிம்பில் நின்று காத்திருக்காதீர்கள்.

பயணத்தில் இருக்கும்போதே குளிர் வந்துவிட்டால் ஃபர்னஸை, அதாவது வண்டியைச் சூடாக்கும் கருவியை, ஓடவிடுங்கள். பல டிரெய்லர்களில் ஃபர்னஸின் வெப்பக் காற்றுதான் தரைக்கு அடியில் ஓடும் பைப்புகளையும் சூடாக வைக்கிறது. சின்ன மின்சார ரூம் ஹீட்டரை மட்டும் போட்டுக்கொண்டு படுத்தால் உங்களுக்குக் கதகதப்பாக இருக்கும், கீழே பைப் உறைந்துகொண்டிருக்கும்.

முதல்முறை செய்பவர்கள் பகல் வெளிச்சத்தில் அரை நாள் ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு இதே வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஹீட்டரை மட்டும் முந்தைய இரவே அணைத்துவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சர்வீஸ் சென்டரில் விடுவதாக இருந்தால் சீக்கிரமே நாள் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பனி விழும் வாரத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். விடும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: ஹீட்டர் டேங்கை வடிப்பார்களா, ஆனோடு ராடை (டேங்கைத் துருவிலிருந்து காக்கும் கம்பி) பார்ப்பார்களா, வெளி ஷவருக்கும் ஆன்டிஃபிரீஸ் ஏற்றுவார்களா. மூன்றும் பில்லில் எழுத்தில் வரட்டும்.

2. முதலில் தாள்களைப் பாருங்கள்

வண்டியோடு வந்த பிளாஸ்டிக் பையில் டிரெய்லரின் கையேடு, ஹீட்டரின் கையேடு, பம்பின் கையேடு எல்லாம் தனித்தனியாக இருக்கும். டிரெய்லரின் கையேடு பொதுவாக எழுதப்பட்டது. ஒரே புத்தகம் பல மாடல்களுக்குப் போகும். ஹீட்டரின் கையேடுதான் உங்களுக்கு வேண்டியது. தொலைந்துபோயிருந்தால், வெளிச்சுவரில் இருக்கும் ஹீட்டர் கதவைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண் கிடைத்துவிட்டால் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அப்புறம் வாரண்டியையும் காப்பீட்டுப் பாலிசியையும் ஒருமுறை படியுங்கள். தண்ணீர் உறைந்து வரும் சேதம் பெரும்பாலான வாரண்டிகளில் சேராது. காப்பீட்டிலும் பல நேரம் விலக்குப் பட்டியலில் இருக்கும், அல்லது 'நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்திருந்தால்' என்று ஒரு நிபந்தனை இருக்கும். ஆன்டிஃபிரீஸ் வாங்கிய ரசீது, வடித்த ஹீட்டரின் போட்டோ, இளஞ்சிவப்பாக ஓடும் குழாயின் போட்டோ ஆகியவற்றைத் தேதியோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போதும் வாங்குபவர் கேட்கிற முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

3. வாங்கி வைக்க வேண்டியவை

ஆன்டிஃபிரீஸ்: டிரெய்லர்களுக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு நிற வகை. சாதாரண அளவுள்ள டிரெய்லருக்கு 2 முதல் 3 கேலன், அதாவது 8 முதல் 12 லிட்டர் போதும். ஒரு கேலன் கூடுதலாக வாங்கி வையுங்கள். பாதி வேலையில் தீர்ந்தால் பம்ப் காற்றை இழுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

லேபிளில் புரொப்பிலீன் கிளைக்கால் என்று இருக்க வேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குடிதண்ணீர் பைப்புக்குள் அது ஒரு சொட்டும் போகக்கூடாது. நீல நிறத்தில் வரும் வைப்பர் திரவமும் விஷமே. விலை குறைவாகக் கிடைக்கும் சில இளஞ்சிவப்பு வகைகளில் எத்தனால் கலந்திருக்கும். எரியும் தன்மை உண்டு, ரப்பர் சீல்களையும் உலர்த்திவிடும். நிறத்தை நம்பாமல் பின்பக்க லேபிளைப் படியுங்கள்.

லேபிளில் 'மைனஸ் 50' என்று பெரிதாகப் போட்டிருப்பது ஃபாரன்ஹீட் கணக்கு. ஏறத்தாழ மைனஸ் 46 செல்சியஸ். அதுவரை பைப் வெடிக்காது என்றுதான் அதற்குப் பொருள். அதற்கு வெகு முன்பே, மைனஸ் 12-ஐ ஒட்டி, திரவம் கூழாகத் தொடங்கிவிடும். அப்படிக் கூழானால் பயப்பட வேண்டாம். ஆனால் பைப்புக்குள் பழைய தண்ணீர் நிறைய மிச்சமிருந்து கலந்துவிட்டால் லேபிளில் சொன்ன பாதுகாப்பு கிடைக்காது. முதலில் நன்றாக வடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இவற்றோடு ஹீட்டர் அடைப்பானைத் திறக்க ஒரு சாக்கெட், டெஃப்லான் டேப், தோட்டத்து ஹோஸில் மாட்டுகிற மெல்லிய நீண்ட முனை, டார்ச், பழைய துணி. உங்கள் ஹீட்டருக்கு ஆனோடு தேவை என்றால் புதிதாக ஒன்றைக் கையோடு வாங்கிவிடுங்கள். இந்தச் சாமான்கள் எல்லாம் சேர்த்தும், வெடித்த ஒரு பம்பை மாற்றும் செலவுக்குக் கீழேதான் வரும். ஹீட்டர் டேங்க் போய்விட்டால் கணக்கே வேறு.

4. தண்ணீர் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு சுற்று பாருங்கள்

எதையும் திறப்பதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியும் அதன் வடிகாலும், பம்பும் அதன் முன்னால் கண்ணாடி மூடி போட்ட சின்ன வடிகட்டியும், வெளியிலிருந்து ஹோஸ் மாட்டும் சிட்டி வாட்டர் இணைப்பு, சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், ஷவர், கழிவறை, வெளி ஷவர், தண்ணீர் ஃபில்டர், ஐஸ் மேக்கரோ வாஷிங் மெஷினோ இருந்தால் அவை.

லோ பாயிண்ட் டிரெயின் என்கிற வடிகால்தான் பலருக்குக் கண்ணில் படாது. வண்டிக்கு அடியில் இரண்டு பைப் துண்டுகள் அருகருகே தொங்கும். பெரும்பாலும் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சூடான பைப்புக்கு ஒன்று, குளிர்ந்த பைப்புக்கு ஒன்று. மூடி வெளியே இருக்கும், சில வண்டிகளில் வால்வு உள்ளே ஒரு அலமாரிக்குள் இருக்கும்.

பம்பையும் ஹீட்டரின் பின்பக்கத்தையும் கண்டுபிடிக்க ஒரு பலகையைக் கழற்ற வேண்டிவரலாம். வெளியே ஹீட்டர் கதவு எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் உள்ளே பாருங்கள். கட்டிலுக்கு அடியில், சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில், சோபாவுக்குப் பின்னால் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

5. தொட்டிகளைக் காலிசெய்யுங்கள்

இதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. கழிவுத் தொட்டிகளை டம்ப் ஸ்டேஷனில், அதாவது வண்டிக் கழிவைக் கொட்டுவதற்கான இடத்தில், காலிசெய்யுங்கள். கழிவறைத் தொட்டி முதலில், சிங்க் தண்ணீர்த் தொட்டி அடுத்து. அப்போதுதான் பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். பல டம்ப் ஸ்டேஷன்கள் குளிர்காலத்தில் மூடிவிடும், கடைசிப் பயணத்தின் வழியிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள்.

வந்ததும் நல்ல தண்ணீர்த் தொட்டியின் வடிகாலைத் திறந்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அது மெதுவாகத்தான் வடியும். தண்ணீர் ஃபில்டரின் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிடுங்கள். ஆன்டிஃபிரீஸ் அதன் வழியே போகக்கூடாது.

6. ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, வடியுங்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். கை வெந்துபோகும் வேலையும், பொருள் வீணாகும் வேலையும் இங்கேதான் இருக்கிறது.

முந்தைய இரவே ஹீட்டரை முழுவதுமாக அணையுங்கள். கேஸுக்கு ஒரு சுவிட்ச், மின்சாரத்துக்கு ஒரு சுவிட்ச் என்று இரண்டு இருக்கலாம். சில மாடல்களில் மின்சாரத்துக்கான சின்ன சுவிட்ச் ஒன்று வெளிக்கதவுக்குப் பின்னால், கீழே ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். அதையும் அணையுங்கள். பிரேக்கரையும் இறக்கிவிடுங்கள். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் மின்சாரக் கம்பி தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரைதான் பிழைக்கும். காலி டேங்கில் மின்சாரம் போனால் சில நொடிகளில் எரிந்துவிடும். 'தண்ணீர் இல்லை, போடாதே' என்று எழுதி அந்த சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது வண்டிக்குள் போய் ஏதாவது சுவிட்சைத் தட்டாமல் இருக்க இதுதான் வழி.

காலையில் தண்ணீர் ஆறியிருக்கும். வெளித் தண்ணீர் இணைப்பைக் கழற்றுங்கள், பம்பை அணையுங்கள். உள்ளே போய் ஒரு சூடான குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். தண்ணீர் வருவது நின்றபிறகுதான் ஹீட்டரின் அடைப்பானைத் தொட வேண்டும். சூடும் அழுத்தமும் இருக்கும்போது திறந்தால் அடைப்பான் துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும், பின்னாலேயே கொதிநீரும் வரும்.

நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டு சாக்கெட்டைப் போட்டுத் திருகுங்கள். முதலில் தண்ணீர் விட்டுவிட்டுக் குளுக் குளுக்கென்று வரும். மேலே இருக்கும் பாதுகாப்பு வால்வின் நெம்புகோலை மெல்லத் தூக்கினால் காற்று உள்ளே போய், தண்ணீர் ஒரே சீராகக் கொட்டும். 6 கேலன் டேங்க் என்றால் 23 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். 10 கேலன் டேங்கில் 38 லிட்டர். நின்றபிறகும் அடைப்பானின் வாய்க்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் தங்கும். விரிய நிறைய இடம் இருப்பதால் அதனால் கேடில்லை.

7. டேங்கைக் கழுவுங்கள், ஆனோடைப் பாருங்கள்

வட அமெரிக்க டிரெய்லர்களில் அதிகம் பார்க்கிற ஹீட்டர்கள் இரண்டு வகை. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளாமல் எந்த உதிரிப்பாகமும் வாங்காதீர்கள்.

சபர்பன் வகையில் டேங்க் இரும்பால் ஆனது, உள்ளே கண்ணாடிப் பூச்சு இருக்கும். அதைத் துருவிலிருந்து காக்க மக்னீசியத்திலோ அலுமினியத்திலோ ஒரு நீண்ட கம்பி உண்டு. அதுதான் ஆனோடு ராட். அடைப்பானும் அதுவே. திறக்க 1 1/16 அங்குல சாக்கெட் வேண்டும். தண்ணீரின் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு அந்தக் கம்பி கரைய வேண்டும், டேங்க் தப்பிக்க வேண்டும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆகவே அது அரிக்கப்பட்டிருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், வேலை செய்கிறது என்று பொருள். புதிதில் கட்டைவிரல் தடிமனில் வழவழப்பாக இருக்கும். பழையது குண்டும் குழியுமாக, வெள்ளைப் பொடி அப்பி, சில இடங்களில் நடுவே ஓடும் மெல்லிய இரும்புக் கம்பி வெளியே தெரியும். முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பாதியில் இருந்தாலும், அடுத்த பருவம் நிறையப் பயணம் போகப் போகிறீர்கள் என்றால் நான் மாற்றச் சொல்வேன். ஒரு ஆனோடின் விலை ஹீட்டர் விலையில் மிகச் சிறு பங்கு. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அட்வுட் வகையில் டேங்க் அலுமினியம். இப்போது டொமெடிக் என்ற பெயரில் வருகிறது. இதற்கு ஆனோடு கிடையாது, போடவும் கூடாது. அடைப்பான் நைலானில் இருக்கும். 'பிளாஸ்டிக் எதற்கு, பித்தளையில் போட்டுவிடலாம்' என்று நினைக்காதீர்கள். இரு வேறு உலோகங்கள் தண்ணீருக்குள் சேர்ந்தால் அலுமினிய மரை அரிக்கப்பட்டு இறுகிப்போகும். நைலான் அடைப்பானின் தலை எளிதில் மழுங்கும், சரியான அளவு சாக்கெட்டைப் போடுங்கள், உதிரி ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

அடைப்பானை எடுத்த கையோடு, ஹோஸில் மாட்டிய நீண்ட முனையை டேங்குக்குள் விட்டு நாலா பக்கமும் அடியுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் சுற்றி வந்திருந்தால் முட்டை ஓடு நொறுங்கியதுபோல வெள்ளைச் செதில்கள் கொட்டும். தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். அந்தச் செதில்கள்தான் பின்னால் குழாய் முனைகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

கழுவியும் செதில் தீராவிட்டால் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து டேங்கை நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் வடித்து நன்றாக அலசுங்கள். சபர்பன் வகையில் இதைச் செய்யும்போது ஆனோடைக் கழற்றிவிட்டுத் தற்காலிகமாக வெறும் அடைப்பானைப் போடுங்கள். வினிகர் நல்ல ஆனோடையும் தின்றுவிடும். வினிகர் மிச்சம் இருக்கும்போது ப்ளீச் எதையும் உள்ளே விடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அடைப்பானை இப்போதே மாட்டாதீர்கள். திறந்தே இருக்கட்டும், 9-வது படியில் அது நமக்கு உதவும்.

8. பைபாஸ் வால்வைத் திருப்புங்கள்

ஹீட்டர் டேங்குக்குள் ஆன்டிஃபிரீஸ் தேவையில்லை. வடித்துவிட்டாலே போதும். பைபாஸ் என்பது டேங்குக்குள் போகாமல் சுற்றிப் போகும் வழி. அதைப் போடாமல் பம்பை ஓட்டினால் முதல் 6 அல்லது 10 கேலன் டேங்குக்குள்ளேயே போய்விடும். புதியவர்கள் அதிகம் விழுகிற பள்ளம் இதுதான். 'வாங்கிய பாட்டில்கள் எல்லாம் தீர்ந்தும் சூடான குழாயில் இளஞ்சிவப்பு வரவில்லை' என்று யாராவது சொன்னால் பத்துக்கு ஒன்பது பைபாஸ்தான் காரணம்.

ஹீட்டரின் பின்பக்கம் உள்ளே வரும் குளிர்ந்த பைப், வெளியே போகும் சூடான பைப், இரண்டையும் இணைக்கும் குறுக்குப் பைப் என்று மூன்று இருக்கும். மூன்று வால்வு உள்ள அமைப்பில், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மூடுங்கள், குறுக்குப் பைப்பைத் திறங்கள். கைப்பிடி பைப்போடு ஒரே திசையில் நின்றால் திறந்திருக்கிறது. குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது. சில வண்டிகளில் இரண்டு வால்வோ ஒன்றோதான் இருக்கும், வேலை அதேதான். திருப்புவதற்கு முன்பும் பின்பும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் கோடை தொடங்கும்போது யோசிக்க வேண்டாம்.

டேங்க் இல்லாமல் உடனுக்குடன் சூடாக்கும் ஹீட்டர் உங்களிடம் இருந்தால் அதன் கையேடு சொல்வதை அப்படியே செய்யுங்கள். அவற்றுக்குள் தண்ணீர் தங்கும் இடங்களும் வடிகால்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

9. ஆன்டிஃபிரீஸ் ஏற்றுங்கள்

லோ பாயிண்ட் வடிகால்களைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் திறந்து, பைப்புகளில் நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். பம்பை அரை நிமிடம் ஓட்டி அதற்குள் இருப்பதையும் வெளியேற்றுங்கள். பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டியின் மூடியைக் கழற்றி, அதில் நிற்கும் தண்ணீரையும் கொட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். பிறகு எல்லா வடிகாலையும் குழாயையும் மூடிவிடுங்கள்.

ஆன்டிஃபிரீஸை நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஊற்ற வேண்டாம். தொட்டியின் அடி முழுவதும் பரவ நிறைய வேண்டும், மிச்சமிருக்கும் தண்ணீரோடு கலந்து நீர்த்தும் போகும். பல வண்டிகளில் பம்பின் அருகே ஒரு மூவழி வால்வும் ஒரு சிறு குழலும் இருக்கும். வால்வைத் திருப்பி, குழலின் நுனியைப் பாட்டிலுக்குள் அடிவரை விடுங்கள். அது இல்லாவிட்டால் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் பைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு துண்டு ஹோஸை மாட்டிக்கொள்ளலாம். மூவழி வால்வை ஒருமுறை பொருத்திவிட்டால் ஆண்டுதோறும் தொல்லை இல்லை.

பம்பைப் போடுங்கள். பம்புக்கு அருகில் உள்ள குழாயிலிருந்து தொடங்கி, முதலில் குளிர்ந்த பக்கம், அடுத்து சூடான பக்கம். முதலில் காற்று துப்பும், அப்புறம் வெளிறிய ரோஜா நிறத்தில் வரும். அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். பாட்டிலில் இருக்கும் அதே அடர்ந்த நிறம் வரும்வரை விடுங்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாய் என்றால் கைப்பிடியை இரு பக்கமும் கடைசிவரை திருப்ப வேண்டும். நடுவில் வைத்தால் எந்தப் பக்கம் நிறைந்தது என்றே தெரியாது. ஒருவர் பாட்டிலைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் குழாய்களைப் பார்த்தால் வேலை சுலபம்.

இந்த நேரத்தில் வெளியே போய், திறந்தே விட்ட ஹீட்டர் வாயைப் பாருங்கள். அங்கே இளஞ்சிவப்பு ஒழுகினால் பைபாஸ் சரியாக மூடவில்லை, அல்லது வால்வு உள்ளே தேய்ந்துவிட்டது. உடனே பம்பை நிறுத்தி வால்வைப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் எல்லாம் சரி.

10. விட்டுப்போகும் இடங்கள்

சமையலறைக் குழாய் யாருக்கும் மறக்காது. வெடிப்பது பெரும்பாலும் கீழே சொல்பவைதான்.

கழிவறை: மிதியை அழுத்தி, இளஞ்சிவப்பு நிறம் நன்றாக வந்தபிறகும் சில நொடிகள் பிடித்திருங்கள். அதன் பின்னால் உள்ள சின்ன பிளாஸ்டிக் வால்வு எளிதில் விரிசல் விடும். கிண்ணத்தில் கொஞ்சம் ஆன்டிஃபிரீஸ் நிற்கட்டும், ரப்பர் சீல் காயாது. பக்கத்தில் கைத்தெளிப்பான் இருந்தால் அதையும் அழுத்திவிடுங்கள்.

ஷவர்: கையில் பிடிக்கும் ஷவரின் ஹோஸுக்குள் தண்ணீர் தங்கும். ஆன்டிஃபிரீஸ் ஓடியபிறகு தலையைக் கழற்றி ஹோஸைத் தொங்கவிட்டு வடியுங்கள்.

வெளி ஷவர்: சூடு, குளிர் இரண்டு திருகையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும்.

சிட்டி வாட்டர் இணைப்பு: இதை விடாதீர்கள். ஹோஸ் மாட்டும் இடத்தில் உள்ளே வலையும், அதற்குப் பின்னால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் இருக்கும். பம்ப் தள்ளும் ஆன்டிஃபிரீஸ் அந்த வால்வின் உட்பக்கம் வரைதான் வரும். பம்பை அணைத்து ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு வலையை எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் சின்னத் தண்டை ஒரு குச்சியால் மெல்ல உள்ளே அழுத்தினால் தண்ணீரும் பின்னால் இளஞ்சிவப்பும் வரும். முழு அழுத்தத்தில் இதைச் செய்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டு கழன்றுவிடக்கூடும்.

சிங்க்குக்கும் ஷவருக்கும் அடியில் உள்ள வளைவுப் பைப்: ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். கழிவுத் தொட்டிகள் இரண்டிலும் ஒரு லிட்டர் அளவு போய்ச் சேர்ந்தால் அவற்றின் வால்வுகளுக்கும் நல்லது. ஐஸ் மேக்கர், வாஷிங் மெஷின் இரண்டுக்கும் அதனதன் கையேட்டில் தனி வழிமுறை இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் பம்பை அணைத்து, குழாய்களைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். ஹீட்டர் மரையில் பழைய டேப்பைத் துடைத்தெடுத்து, புதிய டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றி, ஆனோடையோ அடைப்பானையோ கையால் மட்டும் திருகி வையுங்கள். வாய் திறந்தே கிடந்தால் பூச்சி கூடு கட்டும்.

11. காற்றடித்து வடிப்பது போதுமா?

கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் ஆன்டிஃபிரீஸ் இல்லாமல் காற்றாலேயே பைப்புகளைக் காலிசெய்வதும் உண்டு. சிட்டி வாட்டர் இணைப்பில் அதற்கான அடாப்டரை மாட்டி, அழுத்தத்தை 30 முதல் 40 பிஎஸ்ஐக்குள் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு குழாயைத் திறந்து, ஈரம் தெறிக்காத வெறும் காற்று வரும்வரை ஊத வேண்டும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அழுத்தத்தை ஏற்றிவிடாதீர்கள். எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர்தான் நல்லது.

மிதமான குளிர் உள்ள இடங்களில் இது போதும். மாதக்கணக்கில் உறைநிலையில் இருக்கும் ஊர் என்றால் காற்றை மட்டும் நம்ப மாட்டேன். பம்பின் உள்ளேயும் வளைவுப் பைப்பிலும் காற்று வேலை செய்யாது, அங்கே எப்படியும் ஆன்டிஃபிரீஸ் வேண்டும். நேரம் இருந்தால் முதலில் காற்றடித்து, பிறகு ஆன்டிஃபிரீஸ் ஏற்றுங்கள். தண்ணீர் கலக்காததால் பாட்டில் கணக்கும் குறையும்.

12. குளிர் முடிந்தபிறகு

பைபாஸ் போட்ட நிலையிலேயே நல்ல தண்ணீரை ஓடவிட்டு, எல்லாக் குழாயிலும் நிறமும் நுரையும் போகும்வரை அலசுங்கள். அதற்கு முன் பைபாஸைத் திருப்பினால் ஆன்டிஃபிரீஸ் ஹீட்டருக்குள் போய், நாள்கணக்கில் தண்ணீரில் ஒரு தித்திப்பு வாடை அடிக்கும். அலசியபிறகு ஹீட்டரின் அடைப்பானைச் சாக்கெட்டால் இறுக்கி, வால்வுகளைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள்.

அடுத்து கிருமிநீக்கம். வாசனை கலக்காத சாதாரண ப்ளீச், 15 கேலனுக்கு கால் கப்; அதாவது 57 லிட்டருக்கு 60 மில்லி. ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தொட்டியில் ஊற்றி, தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் ப்ளீச் வாடை வரும்வரை ஓட்டி, நான்கு மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசி, ஃபில்டர் கார்ட்ரிட்ஜைப் புதிதாகப் போடுங்கள்.

எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பம்பைப் போட்டு வைத்துக் கேளுங்கள். யாரும் தண்ணீரைத் தொடாமலேயே பம்ப் அவ்வப்போது தானாக ஓடினால் எங்கேயோ கசிகிறது. உடனே அணைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் உலர்ந்த துணியை வைத்துத் தேடுங்கள்.

ஹீட்டரைப் போடும் முன் சூடான குழாயைத் திறந்து, காற்றுத் துப்பாமல் தண்ணீர் சீராக வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் டேங்க் நிறைந்திருக்கிறது. அதன்பிறகே சுவிட்சின் மேல் ஒட்டிய டேப்பை எடுங்கள். ஹீட்டர் ஓடியும் குழாயில் வெதுவெதுப்பாகவே வந்தால், குறுக்குப் பைப்பின் வால்வு இன்னும் திறந்திருக்கிறது.

13. ஹீட்டரில் அடிக்கடி வரும் தொல்லைகள்

பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது: சூடேறும்போது தண்ணீர் விரியும். டேங்கின் மேல்பகுதியில் இருக்கும் காற்றுதான் அந்த விரிவுக்கு இடம் கொடுக்கிறது. நாளாக நாளாக அந்தக் காற்று தண்ணீரில் கரைந்துபோகும், அப்போது வால்வு சொட்டும். ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு, தண்ணீர் வரத்தை நிறுத்தி, ஒரு சூடான குழாயைத் திறந்து, வால்வின் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீர் நிற்கும்வரை பிடித்து, பிறகு மூடுங்கள். காற்று மறுபடி சேர்ந்துவிடும். அதற்குப் பிறகும் சொட்டினால் அதே அளவுள்ள புது வால்வு போட வேண்டும். 150 பிஎஸ்ஐ, 99 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கமான அளவு. என்ன ஆனாலும் அதை அடைத்து மூடிவிடாதீர்கள். டேங்க் வெடிக்காமல் தடுப்பது அந்த வால்வு ஒன்றுதான்.

சூடான தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம்: தேங்கிய தண்ணீரில் வளரும் ஒருவகை பாக்டீரியாவும் ஆனோடும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. டேங்கை வடித்துக் கழுவி, ப்ளீச் கலந்த தண்ணீரைச் சில மணி நேரம் நிறுத்தி அலசினால் போய்விடும். ஆனோடைக் கழற்றி எறிந்தாலும் நாற்றம் போகும், ஆனால் டேங்கும் சீக்கிரம் போகும்.

பர்னர் சரியாகப் பற்றவில்லை, அல்லது தீ மஞ்சளாக எரிகிறது: வண்டி சும்மா நின்ற மாதங்களில் சிலந்தியோ குளவியோ பர்னர் குழலுக்குள் கூடு கட்டியிருக்கும். சிலிண்டரில் கேஸை மூடிவிட்டு, மெல்லிய தூரிகையால் குழலைச் சுத்தம் செய்து ஊதிவிடுங்கள். தீ நீலமாக, சீராக எரிய வேண்டும். சுத்தம் செய்தபிறகும் மஞ்சளாக எரிந்தாலோ, வெளிக்கதவில் கரி படிந்தாலோ ஹீட்டரை அணைத்துவிட்டு கேஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கேஸ் மூட்டுகளை நீங்களே கழற்ற வேண்டாம்.

கேஸில் சூடாகிறது, மின்சாரத்தில் சூடாகவில்லை: பிரேக்கரையும், வெளிக்கதவுக்குப் பின்னால் அந்த மூலையில் இருக்கும் சின்ன சுவிட்சையும் முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் உள்ளே இருக்கும் மின்சாரக் கம்பி எரிந்திருக்கலாம். அதைத் தனியாக வாங்கி மாற்ற முடியும், முழு ஹீட்டரையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.